அப்பாவின் அரை மணித்தியாலம்

துருத்தியை முதல் தடவை இழுத்துவிட்டதும் அந்த ஆர்மோனியப் பெட்டிக்குள்ளிருந்து பூச்சி உருண்டை மணத்தோடு ஒரு நெடுமூச்சு வரும். அதைக் கேட்டதும் கொக்குவிலில் எங்கள் வீட்டில் அசைந்துகொண்டிருந்த எல்லாம் நின்றுவிட வேண்டும். தேங்காய் துருவும் சத்தம் கேட்கக்கூடாது, கிணற்று மோட்டரைப் போடக்கூடாது, நான் வாய்ப்பாடு சொல்லக்கூடாது. அப்பா "கந்தோர்" முடிந்து வந்திருக்கிறார். "மண்டை காய்ஞ்சுபோய் வாறன், ஒரு அரை மணித்தியாலம் மனுசனை இளைப்பாற விடுங்கோ" என்பார். அவர் அந்த அலுவலகத்தில் எழுதுவினைஞர். நாள் முழுக்கக் கதிரையில் இருந்துகொண்டு கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பியவருக்கு அப்படி என்ன மண்டை காய்ந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வாசிப்பாவது நன்றாக இருந்ததா என்றால் அதுவுமில்லை. சங்கீதம் பழகும் சின்னப் பிள்ளைகள் முதல் வருடத்தில் கடந்துபோகும் ஒரு கீதத்தின் மூன்றாவது வரியில் வருடக்கணக்காகத் தடுக்கி விழுந்துகொண்டிருந்தார். விழுந்ததும் கண்ணை மூடித் தலையை ஆட்டுவார், ஏதோ பெரிய நுட்பத்தைத் தொட்டுவிட்டதுபோல. அந்த நேரத்தில் அம்மா "குசினி"க்குள் சட்டி பானை முட்டாமல், பூனைபோல நடந்து சமைத்துக்கொண்டிருப்பா. அவ உடுப்பிட்டியில் கணிதம் படிப்பித்துவிட்டு, இரண்டு பஸ் மாறி, திருத்த வேண்டிய கொப்பிகளையும் சுமந்துகொண்டு வந்தவ. அவவுடைய மண்டை காய்ந்ததா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை. வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் வைத்து பள்ளிக்கூட அதிபர் அம்மாவை ஏசியிருக்கிறார். பஸ் பிந்தியதுதான் குற்றம். இது பிறகு தெரிந்தது. அன்று வந்தவ சேலையும் மாற்றவில்லை, முகமும் கழுவவில்லை. நேரே போய் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து பெட்டியைத் திறந்தா. கலியாணத்துக்கு முதல் ஏழெட்டு வருடம் சங்கீதம் படித்தவ என்பதே எனக்கு அப்போது தெரியாது. இருமிக்கொண்டு கிடந்த அந்தப் பெட்டி அவவின் விரல்களுக்குக் கீழே பாடியது. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. மெதுவாகத் தொடங்கி, பிறகு வேகம் பிடித்து, அவ வாசிக்க வாசிக்க அவவின் தோள்கள் இறங்குவதைக் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று வாசிப்பைக் கேட்டார். மெச்சப்போகிறார் என்று நினைத்தேன், அவ்வளவு மடைச்சியாக இருந்திருக்கிறேன்.

"இஞ்சரும், தேத்தண்ணி இன்னும் வைக்கேல்லையோ?"

"தேயிலை தட்டிலை இருக்குது" என்றா அம்மா. கை நிற்கவில்லை.

அப்பாவின் முகம் கறுத்தது. அவவோடு சண்டை பிடிக்கும் துணிவுகூட அவரிடம் இல்லை. என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, போய் அம்மாவிட்டைப் பசிக்குது எண்டு சொல்லு" என்றார்.

எனக்குப் பசிக்கவில்லை. ஆனாலும் போனேன், போய் அவவின் சேலைத் தலைப்பை இழுத்துச் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தா, எனக்குப் பின்னால் நின்றவரையும் பார்த்தா. பிறகு பெட்டியை மூடிவிட்டு எழும்பிப் போய் அடுப்பை மூட்டினா.

அடுத்த கிழமை பெட்டி வீட்டில் இல்லை. "அது பழுதாப்போச்சு, கோயில் பசனைக்காரருக்குக் குடுத்திட்டன்" என்றார் அப்பா. தனக்கு இல்லாமல் போனாலும் பரவாயில்லை, அவவின் கைக்குப் போகக்கூடாது. அவருடைய சங்கீத ரசனையின் அளவு அவ்வளவுதான்.

இப்போது அவர் பென்சன்காரர். வருகிறவர்களிடம், "அந்த நாளிலை எங்கடை வீட்டிலை பின்னேரமானால் ஒரே சங்கீதம்தான்" என்று சொல்ல, அவர்களும் தலையாட்டிக் கேட்கிறார்கள். வீட்டில் வாத்தியம் வாசித்தால் மனப்பாரம் குறையும் என்று என் கைபேசிக்கும் நாள்தோறும் புத்திமதி வருகிறது. அந்த நேரம் வீட்டுச் சோற்றை யார் வடிப்பது என்று அதில் எழுதியிருப்பதில்லை.

போன மாதம் அம்மாவுடன் தனியே இருந்தபோது, இத்தனை வருடம் கேட்காமல் விட்டதைக் கேட்டேன்.

"அம்மா, நான் பசிக்குது எண்டு வந்து மறிச்சனே, அண்டைக்கு நீங்கள் வாசிச்சது என்ன?"

அவ கீரை ஆய்வதை நிறுத்தி, உண்மையாகவே யோசித்துப் பார்த்தா.

"நான் வாசிச்சனானோ?" என்றா.