ஆடிட்டரம்மா கேட்ட ஒரே கேள்வி

எங்கள் குடும்பத்தில் ஆடிட்டரைப் பார்க்கப் போவதும் பெரியாஸ்பத்திரிக்குப் போவதும் ஒன்றுதான். முற்றிய பிறகுதான் போவார்கள்.

அப்பா மாரண்டஹள்ளியில் சிமெண்டுக் கடை வைத்திருந்தார். வரி அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள், பில்லில் வாங்கியதாக இருக்கும் சிமெண்டு எங்கே என்று கேட்டார்கள். குடோனிலும் இல்லை, விற்றதாகவும் கணக்கில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று அப்பா அவர்களைக் கும்பிட்டு அனுப்பினார். அதன் பிறகு தட்டின் முன் உட்காருவார், சாப்பிடாமலே எழுந்துவிடுவார். கடையே போய்விடும்போல இருக்கிறது என்று அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னதை நானே கேட்டேன்.

பதில் எனக்குத் தெரியும். நல்லம்பள்ளியில் கட்டட கான்ட்ராக்ட் எடுத்துக்கொண்டிருந்த என் தாய்மாமன், தன் வேலைக்கான சிமெண்டையெல்லாம் அப்பாவின் ஜிஎஸ்டி நம்பரில்தான் வாங்குவார். லோடு நேராக அவருடைய சைட்டுக்கே போய்விடும். பக்கத்து வயல்காரருக்கு மோட்டார் தண்ணீர் விடுவதுபோல, எங்கள் பக்கம் சொந்தக்காரனுக்கு நம்பர் கொடுப்பதும் ஓர் உபகாரம். கேட்டு மறுத்தால்தான் குற்றம். ஒரு முறை மாமன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த லாரியில் நானும் போயிருக்கிறேன். ஆய்வு நடந்த செய்தி எட்டியதிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஒரு வழியாகத் தர்மபுரியில் ஓர் ஆடிட்டரம்மாவிடம் போனோம். பள்ளிக்கூடம் லீவு என்பதால் என்னையும் கூட்டிப்போனார்கள். அவர் பில்களையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“இந்தச் சரக்கு யாருகிட்டங்க போச்சு? அவரு வந்து, நான்தான் எடுத்தேன்னு எழுதிக் குடுத்தா உங்க கடையக் காப்பாத்தப் பாக்கலாம். இல்லீன்னா வரி, வட்டி, அபராதம் மொத்தமும் உங்க தலையிலதான் விழும்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மின்விசிறியைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். தொடையில் சுள்ளென்று ஒரு கிள்ளு விழுந்தது. பெரியவர்கள் பேச்சில் குறுக்கே வந்ததற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஞாபகம் இல்லீங்க மேடம்,” என்றார் அப்பா.

ஆடிட்டரம்மா, என் தொடையிலிருந்து இன்னும் எடுக்காத அம்மாவின் கையைப் பார்த்தார். “எங்கிட்டயே மறைச்சா, நான் அங்க போயி என்னத்தங்க பேசறது?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அவர்மேல் அப்படிக் கோபம் வந்தது. அப்பாவைத் தலைகுனிய வைத்துவிட்டாரே என்று பஸ்ஸில் மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். முன் சீட்டில் அம்மா அப்பாவிடம் மெல்லப் பேசிக்கொண்டிருந்தாள்.

“எம் பொறந்தவன் பேரு வெளிய வந்துட்டா, நாளைக்கு இவள யாரு மடியில உக்கார வெச்சுங்க காது குத்தறது?”

அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

மழைக்காலத்துக்குள் கடை கைமாறியது. அப்பா ஓசூரில் வேறொருவர் கடைக்குப் பில் போடும் வேலைக்குப் போனார்.

தை மாதத்தில் எனக்குக் காதுகுத்து. மாமன் மேளதாளத்தோடு தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்தார். ஊரே வாயைப் பிளந்தது. அவர் மடியில் உட்கார்ந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா பந்தல்காலைப் பிடித்தபடி கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். ஆசாரி ஊசியை ஏற்றியதும் நான் வீறிட்டேன். அப்பா தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார்.

“புள்ள காதக் குத்துனா எங்க மச்சானுக்கு நோவுது பாருங்க,” என்று மாமன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “எனக்கு வலிக்கலப்பா, அழுவாதீங்க,” என்று மாமன் மடியில் இருந்தபடியே அவருக்குச் சமாதானம் சொன்னேன்.