டைரக்டருக்கு எழுந்து நின்றவர்

“டைரக்டர் பெயருக்கு மேஸ்திரி இன்று எழுந்து நிற்கவில்லை” என்று என் நாட்குறிப்பில் ஒரு வரி இருக்கிறது. எழுபதுகளில், கூடலூர் கொட்டகையில் நாங்கள் படம் பார்த்த ஒரு ஞாயிறு அது.

சிலோனிலிருந்து வந்து, நான் கிளார்க்காக இருந்த ஓவேலி தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பைக் கவனித்தவர் அவர். ஒட்டிய கன்னம், எந்நேரமும் கம்பளித் தொப்பி. தமக்குப் பிடித்த டைரக்டரின் பெயர் திரையில் வந்தால் தொப்பியைக் கழற்றி எழுந்து நிற்பார். பின்வரிசை திட்டினாலும் உட்காரமாட்டார்.

அந்த டைரக்டரே ஒருமுறை எங்கள் எஸ்டேட்டுக்குப் படமெடுக்க வந்தார். கதாநாயகி முற்றிய இலைகளைக் கொத்தாக உருவினாள். மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை.

“அய்யா, இந்தம்மாவுக்கு நான் அரைப்பேருதான் போடுவேன்,” என்றார். அரைநாள் கூலிதான் என்று பொருள்.

டைரக்டர் சிரித்தார். “படத்துல யாருக்குய்யா தெரியப் போகுது?”

“பறிக்கிற சனத்துக்குத் தெரியுமுங்க.”

டைரக்டர் சற்று யோசித்தார். பிறகு எங்கள் பெண்கள் மூவரைப் பறிக்கச் சொல்லி, கைகளை மட்டும் அருகிலிருந்து எடுத்தார்.

அந்த ஞாயிறு கூடலூரில் நாங்கள் பார்த்தது அந்தப் படம்தான். டைரக்டர் பெயருக்கு உட்கார்ந்தே இருந்த மேஸ்திரி, கொழுந்து கிள்ளும் இரண்டு கைகள் திரையை நிறைத்தபோது தொப்பியைக் கழற்றி எழுந்தார்.

“டைரக்டர் மேல மரியாதை போயிருச்சுங்களா?” என்று கேட்டேன்.

“கூடிருச்சுங்க, கிளாக்கரய்யா. முந்தி சாமின்னு நெனச்சேன். இப்ப, சொன்னா கேக்குற மனுசன்னு தெரிஞ்சுபோச்சு.”

திரையில் வந்தவை தன் கைகளே என்று அந்த மூன்று பெண்களில் ஒவ்வொருவரும் சாதித்தார். யாருடையவை என்பதை நான் இன்னும் உறுதிசெய்யவில்லை.