அளவெட்டியில் கிடைத்த நாதஸ்வரம்

காலை 8.20. கோப்பாயில் என் வீட்டு வாசலில் ரஞ்சனின் ஓட்டோவில் ஏறினேன். அளவெட்டிக்குப் போய்வர மூவாயிரம் ரூபாய் கேட்டார். பேரம் பேசுகிற நிலையில் நான் இல்லை. மாலை ஆறு மணிக்குக் குருநகரில் எங்கள் 'உப்புக்காற்று' குழுவின் நிகழ்ச்சி. எங்கள் நாதஸ்வரக்காரரோ முந்தின நாள் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து, "குறை நினையாதேங்கோ அண்ணை" என்று குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு பிரான்சுக்குப் பறந்துவிட்டார்.

நாட்டுப்பாடல்களைக் கிட்டாரோடும் டிரம்ஸோடும் பாடுகிற குழு எங்களுடையது. பன்னிரண்டு வருடத்தில் பதினேழு பேர் வந்து போய்விட்டார்கள். முதல் பாடகி லண்டனில், அடுத்தவர் ரொறன்ரோவில், மூன்று டிரம்ஸ்காரர்கள் மூன்று நாட்டில். ஒருவர்கூடச் சொல்லிக்கொண்டு போகவில்லை. வெளியே சொன்னால் விசா தடைப்பட்டுவிடும் என்று எல்லோருக்கும் பயம். தொடக்கத்திலிருந்து மிஞ்சியிருப்பவன் நான்தான். இந்த நிகழ்ச்சியும் நின்றால் குழுவைக் கலைத்துவிடலாம் என்று மற்ற நால்வரும் சொல்லியிருந்தார்கள். இதுவே கடைசி நிகழ்ச்சியாகிவிடுமோ என்று வழியெல்லாம் பயந்தேன்.

உரும்பிராய், சுன்னாகம், மல்லாகம். பன்னிரண்டு கிலோமீற்றர்தான், ஆனால் முடியவே இல்லை. ஆவணித் திருவிழாக் காலம். கடந்த கோயில்களிலெல்லாம் மேளச் சத்தம். தொலைபேசியில் கேட்ட ஆறு நாதஸ்வரக்காரர்களும் கையை விரித்துவிட்டார்கள். ஏழாவதாக அழைத்த அளவெட்டிச் சிவகுமார் மட்டும் தொலைபேசியை எடுக்கவில்லை; அதனால்தான் நேரில் போனேன். நான் மெதடிஸ்த கிறிஸ்தவக் குடும்பத்தவன். நாதஸ்வரக் கலைஞரை முறைப்படி எப்படி அழைப்பது என்று விசாரித்து, சுன்னாகம் சந்தையில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் வாங்கித் தட்டத்தில் அடுக்கி மடியில் வைத்திருந்தேன்.

9.15. சிவகுமார் வீட்டு மதிலில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை தொங்கியது.

"செத்தவீடு அண்ணை. தட்டத்தை இஞ்சை வைச்சிட்டுப் போங்கோ," என்றார் ரஞ்சன்.

வெறுங்கையோடு உள்ளே போனேன். இறந்தவர் சிவகுமாரின் பெரியப்பா; ஒன்பது நாளாகியிருந்தது. இங்கே எப்படிக் கச்சேரிப் பேச்சை எடுப்பது? தேத்தண்ணீர் குடித்தேன், பெரியப்பா என்ன நோயில் இறந்தார் என்று விசாரித்தேன், கள்ளத்தனமாக மணிக்கூட்டைப் பார்த்தேன். கடைசியில் சிவகுமாரே கேட்டார்.

"என்ன அலுவலாய் வந்தனீங்கள் அண்ணை?"

சொன்னேன். வெட்கத்தில் முகம் சுட்டது.

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "செத்தவீட்டுத் துடக்கெண்டபடியால் முப்பத்தொரு நாளைக்குக் கோயிலுக்கை போகேலாது. திருவிழாவெல்லாம் விட்டாச்சு. குருநகரிலை வாசிக்கிறதுக்கு என்ன? வாறன். ஆனா முப்பத்தொண்டு முடிஞ்சதும் நான் கோயிலுக்குப் போயிடுவன். மறிக்கக்கூடாது."

"ஓம் தம்பி," என்றேன்.

மாலை 4.40, குருநகர்க் கடற்கரை மேடை. அவருடைய நாதஸ்வரம் எங்கள் சுருதிக்கு அரைக்கட்டை கீழே நின்றது. கிட்டார்க் கம்பிகளை இறக்கினேன். பாடகி முணுமுணுத்தபடி ஒத்துக்கொண்டார். ஆறு மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது. முதல் பாட்டில் இரண்டு இடத்தில் இடறினோம். மூன்றாவதில் சிவகுமார் தனியாக ஊதத் தொடங்கியதும், வள்ளங்களில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்களும் எழுந்து வந்தார்கள். பாட்டு முடிந்ததும் டிரம்ஸ்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். குழு கலையாது என்று அப்போது தெரிந்தது.

7.30. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் சிவகுமாரை ஏற்றிவிட்டேன். எங்களிடம் வந்தவர்களில் போகும் நாளைச் சொல்லிவிட்டு வந்தவர் இவர் ஒருவர்தான். இன்னும் இருபத்திரண்டு நாள். பஸ் நகரும்போது, அந்தத் துடக்கு இன்னொரு மாதம் நீளக்கூடாதா என்று ஆசைப்பட்டேன். அது நீள்வதற்கு அந்த வீட்டில் என்ன நடக்கவேண்டும் என்பது பஸ் போன பிறகுதான் உறைத்தது. அன்று முழுவதும் எதற்கெல்லாமோ பயந்திருந்தேன். அப்போதுதான் என்னை நினைத்துப் பயந்தேன்.