சூசைக்கு நாங்கள் சொன்ன சாட்சி

கள்ளக்குறிச்சியில் பூட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தும், எங்கள் தெருவில் சாவி தொலைந்தால் சூசையைத்தான் தேடுவார்கள். "பூட்ட வச்சிட்டுப் போ, நாளைக்கு வா" என்கிற பேச்சே அவரிடம் கிடையாது. வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்தால்தான் பூட்டைத் தொடுவார். பக்கத்துக் கடையில் தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்த எனக்கு அவர் சரியான சிடுமூஞ்சி என்றும் தெரியும், கை சுத்தம் என்றும் தெரியும்.

எண்பத்தேழில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. மறியல் தொடங்குமுன்பே தெருவில் பாதிப் பேர் பயந்து சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். போனவர்கள் சும்மா போனார்களா? ஆளாளுக்கு வீட்டுச் சாவியைச் சூசை கையில் திணித்துவிட்டுப் போனார்கள்.

"எனக்கு இன்னாத்துக்குங்க இந்த வம்பு?" என்று அவர் மறுத்துப் பார்த்தார். யார் கேட்டது?

அந்த வாரமே நாராயணசாமியின் ஜவுளிக்கடையில் திருட்டு. பூட்டு உடையவில்லை. போலீஸ் நேராகச் சூசையிடம் வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போனது. அவர் இடுப்பில் ஊர்ப்பட்ட சாவி தொங்கியது. சாவி கொடுத்தவர்கள் வந்து சொன்னால் விட்டுவிடுவார்கள். ஆனால் ரோடெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருக்கும்போது, எலவனாசூர்கோட்டைக்குப் போனவரை எப்படிக் கூப்பிடுவது?

எதிர்வீட்டு ரங்கம்மாள் அக்காதான் ஊரில் இருந்த எங்களைத் திரட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். வெளியூரிலிருந்து பந்தோபஸ்துக்கு வந்த அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

"அவரு தங்கமான மனுசங்க," என்றார் அக்கா. "அவரு தொறக்காத பூட்டே கெடையாதுங்க. சாவியே வேணாம், ஒரு கம்பி போதும். எங்க வூட்டு பீரோவ கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள தொறந்துட்டாரு."

"அப்ப இவன் நெனச்சா எந்த வீட்டுலயும் பூந்துடலாம்."

"பூந்துடலாங்க. ஆனா பூர மாட்டாரு."

நான் அக்காவின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். சுவரோரம் குத்துக்காலிட்டிருந்த சூசை, "போதும்மா, வூட்டுக்குப் போங்க" என்றார். திரும்பி வருவதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

மறியல் முடிந்து சில நாளில், நாராயணசாமியின் மைத்துனன் வீட்டிலேயே துணி அகப்பட்டது. கடைக்கு இன்னொரு சாவி அவனிடம் இருந்திருக்கிறது. சூசையை விட்டார்கள். ஊர் திரும்பியவர்களிடம் அவரவர் சாவியைக் கொடுத்தார். வாங்கிய கையோடு ஆளாளுக்கு வேறு கடையில் புதுப்பூட்டு வாங்கி மாட்டினார்கள். நன்றி கெட்ட ஜென்மங்கள் என்று நான் கத்திரிக்கோலைத் தட்டித் தட்டித் திட்டினேன்.

ரங்கம்மாள் அக்கா மட்டும் மற்றவர்களைப் போல ஒளியவில்லை. நேராகச் சூசை கடைக்கே வந்தார்.

"எங்க வூட்டுக்காரர் பூட்ட மாத்தச் சொல்லிக்கினு கீறாருண்ணே. வேற யாரக் கேக்கறது, உங்களதான் நம்பி வந்தேன். நீங்க தொறக்க முடியாத பூட்டா ஒண்ணு சொல்லுங்க."

மனதில் கள்ளமில்லாத பெண்பிள்ளை. சூசை கடையில் மாட்டியிருந்த பூட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எதையாவது ஒன்றைக் காட்டி வாயை அடைத்திருக்கலாம்.

"அப்பிடி ஒண்ணு இல்லியேம்மா" என்றார்.

அக்கா, "அப்ப சரிண்ணே" என்று எதிரே இருந்த பூட்டுக்கடைக்குப் போனார்.