போட்டோவில் இல்லாத உசிலை மரம்

பிழைப்புக்கு மரம் வரைகிறவன் நான். போனில் விளையாடுகிற கேம்களில் பின்னால் தெரியும் காடு, தோப்பு, ஆற்றங்கரை எல்லாவற்றையும் தல்லாகுளத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வரைந்து தள்ளுவேன். ஒரு மரத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. யாரும் அதை உற்றுப் பார்க்கப்போவதில்லை, அதற்கு முன்னால் துப்பாக்கியோடு ஓடுகிறவனைத்தான் பார்ப்பார்கள். அந்தத் தைரியத்தில்தான் இந்த வேலைக்கும் தலையை ஆட்டித் தொலைத்தேன்.

அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. விடாமல் பயிற்சி செய்தால் நடக்கலாம் என்றார் டாக்டர். பயிற்சி கொடுக்க வருகிற பெண் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பா கண்ணை மூடிக்கொள்வார். "நடந்து எங்க போகப்போறேன்?" என்பார்.

மாசி சிவராத்திரி நெருங்கியது. எங்கள் குலசாமிக்குக் கோபுரம் கிடையாது, சிலையும் கிடையாது. மேற்கே ஒரு பாறைக் கரட்டின் அடிவாரத்தில் நிற்கிற உசிலை மரம்தான் சாமி. அப்பா ஒரு சிவராத்திரிகூடத் தவறியதில்லை. டூட்டி விழுந்தால் யார் காலையாவது பிடித்து ஆளை மாற்றிவிட்டுப் போய்விடுவார். இந்த முறை முடியாது என்றானதும் என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏய்யா, போறப்ப மரத்த ஒரு போட்டோ புடிச்சுட்டு வந்துரு. இங்கனயே பாத்துக்கிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மரத்தைப் படம் எடுக்கக்கூடாது என்பது எங்கள் வகையறாவின் கட்டு. காதுகுத்துக்கு வருகிற போட்டோக்காரர்கூட மரத்துக்கு முதுகைக் காட்டி நின்றுதான் எங்களை எடுப்பார்.

"படம் புடிக்கக் கூடாதுல்லப்பா."

"நான் கேட்டேன்னு சாமிகிட்டச் சொல்லிட்டு எடு. ஒண்ணும் பண்ணாது."

அடுப்படியில் அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். மரம் அங்கே நிற்கவில்லை. ஐப்பசிக் காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது. அப்போது அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிது. கேட்டால் ஆள் தாங்கமாட்டார் என்று அம்மா சொல்லிவிட்டதால் சொந்தபந்தம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு அம்மா மாடிக்கு வந்து என்னிடம் சொன்னாள்: "நீதான் மரம் மரமா வரையிறீல்ல. நம்ம மரத்த வரைஞ்சு காட்டிரு."

சிவராத்திரியன்று மதியமே போனேன். சாய்ந்த மரத்தை யாரும் வெட்டவில்லை. சாமியின் கட்டை என்று ஒரு சுள்ளிகூட யாரும் எடுக்கவில்லை. கிடந்த மரத்துக்கே மாலை போட்டுப் பொங்கல் வைத்தார்கள். அப்பா சொன்னதைச் சாமியிடம் சொல்லிவிட்டு, பட்டையை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். சித்தப்பா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வியே போட்டோதான். எடுத்திருக்கிறேன், கொஞ்சம் இருட்டாக இருக்கிறது, கம்ப்யூட்டரில் போட்டுத் தெளிவாக்கித் தருகிறேன் என்று சமாளித்தேன்.

எந்த மரமானாலும் முதலில் இலையைத் தொடக்கூடாது. மொத்தத் தழையையும் கறுத்த பச்சையில் ஒரே திரளாகப் பூசவேண்டும். வெயில் எந்தப் பக்கம் என்று முடிவு செய்து, மேலே திரண்ட கொத்துகளில் வெளிச்சம் ஏற்றவேண்டும். பிறகு திரளுக்குள் அங்கங்கே வானத்தைத் திறந்துவிடவேண்டும். இலை ஓரங்களில் மட்டும் தெரிந்தால் போதும், மற்றதைப் பார்க்கிறவன் கண்ணே போட்டுக்கொள்ளும். அதையெல்லாம் செய்தேன். ஒரே இழுப்பில் இலையாகக் கொட்டுகிற பிரஷ்கள் கம்ப்யூட்டரில் உண்டு, என்னிடமிருந்தது அத்தனையும் எந்த ஊர் மரத்துக்கோ செய்த அகல இலை. உசிலைக்குக் குருணை போலப் பொடி இலை. கரட்டில் வேறொரு உசிலையில் ஒடித்து வந்த கொத்தை ஸ்கேன் செய்து புதிதாக ஒரு பிரஷ் செய்தேன். கிடந்த மரத்தின் பட்டையை அடிமரத்தின்மேல் ஒட்டினேன். அழகான உசிலை வந்தது. எங்கள் மரம் வரவில்லை.

கவட்டை தெற்கே பிரியும் என்றார் சித்தப்பா. வடக்கே என்று அடித்துச் சொன்னாள் அத்தை. எனக்கோ எதுவுமே நினைவில் இல்லை. அங்கே போனால் எல்லாரும் கையெடுத்துக் கண்ணை மூடிக்கொள்கிறோம், யார் மரத்தைப் பார்த்தது? குடும்ப வாட்ஸப் குரூப்பில் கேட்டால் காதுகுத்துப் படங்களாக வந்து விழுந்தன. ஒன்றில்கூட மரம் இல்லை. எல்லார் முகத்திலும் அதன் நிழல் மட்டும் இருந்தது. ஆத்திரத்தில் கம்ப்யூட்டரில் வரைகிற பேனாவைத் தூக்கி எறிந்தேன். அப்புறம் நானே குனிந்து எடுத்துக்கொண்டேன்.

வேறு வழியில்லாமல் அந்த நிழலையே பிடித்துக்கொண்டேன். அந்தப் படங்களில் அப்பாவின் நெற்றியில் எங்கெங்கே வெயில் விழுந்திருந்தது என்று பார்த்து, தழையில் அங்கெல்லாம் ஓட்டை போட்டேன். கடைசியில் படத்தை நானே கெடுத்தேன். சற்றுச் சாய்த்தேன், வானத்தை வெளுக்கவைத்தேன், ஓரத்தை மங்கலாக்கினேன். அப்போதுதான் அது போனில் எடுத்த படம் மாதிரி ஆனது.

அப்பா இடது கையில் போனை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எம்புட்டுத் தழஞ்சு நிக்குது பாருய்யா" என்று அழுதார்.

பிழைத்தோம் என்று நினைத்தேன். அம்மா அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் பயிற்சிக்காரப் பெண் வந்தபோது அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். "என்னய நடக்க வச்சுரும்மா, சாமியப் பாக்கப் போகணும்" என்றார். அந்தப் பெண்ணுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கட்டிலைப் பிடித்து நின்றார். வாக்கரோடு கூடத்தைச் சுற்றினார். பிறகு வாக்கர் இல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தார். தெருவே மெச்சியது. அன்றைக்கே அம்மாவை மாடிக்குக் கூப்பிட்டேன்.

"சொல்லிருவோம்மா" என்றேன்.

"சொன்னா மறுபடியும் படுத்துருவாரு. எந்திரிக்கவே மாட்டாருய்யா" என்றாள்.

அவள் சொன்னதும் சரிதான். சொல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது என்று அவளுக்கும் தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை காலையில் கீழே இறங்கி வந்தால், அப்பா குளித்து, திருநீறு பூசி, வேட்டி கட்டி, கார் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். வாசல்படியையும் யாரும் பிடிக்காமல் இறங்கியிருக்கிறார்.

"வண்டிய எடுய்யா. வெயிலுக்கு முன்ன மரத்தடிக்குப் போயிருவோம்."

அம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். அப்பா வலது கையாலேயே, தடவித் தடவி, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். நான் வண்டியை எடுத்தேன்.