தளவாயின் குடை

தாராவியில் தோல் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்த தளவாய்க்கு, அடுத்த மாநகராட்சித் தேர்தலில் நிற்க ஆசை. அதற்கு அவர் காட்டக்கூடிய தகுதி சந்துக் குழாயடி ஒன்றுதான். காலையில் அவர் தமது கறுப்புக் குடையை ஊன்றிக் குழாயருகே நின்றால் சண்டை குறையும். அவர் அதிகம் பேசியதில்லை. அதனாலேயே மரியாதை வந்தது என்று நினைக்கிறேன்.

அந்தக் குழாயடியில் ஒரு வழக்கம் உண்டு. குடத்தை வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். குடம் நின்றால் ஆள் நிற்பதாக அர்த்தம். ஒரு ஆளுக்கு ஒரு இடம் என்பது தளவாய் போட்ட சட்டம். இரண்டு குடம் வைத்த பேராச்சியை அவர் ஒருமுறை வரிசையின் கடைசிக்கே அனுப்பியிருக்கிறார்.

1967 மே மாதம், தம்பி கல்யாணத்துக்காக அவர் திருநெல்வேலிக்குப் போனார். போகுமுன் குடையைத் தம் இடத்தில் ஊன்றி வைத்தார். ஜூனில் திரும்பியபோது குடைக்கு மாலை விழுந்திருந்தது.

"ஒரு சண்ட இல்ல அண்ணாச்சி," என்றாள் பேராச்சி. "நீங்க இருந்தப்பகூட வாரத்துக்கு ரெண்டு குடம் நெளியும்."

"நாந்தான் வந்துட்டேன்லா. குடைய எடுத்துக்கிடுதேன்."

"தலைவர எப்படி எடுக்க?" என்றார் அடுத்த வீட்டுச் செல்லப்பாண்டி.

"ஏ, தலைவர் நாந்தாம்வே!"

"நீங்கதான் அங்கன நிக்கீயளே," என்று குடையைக் காட்டினார் செல்லப்பாண்டி. "ஒரு ஆளுக்கு ரெண்டு இடமா? கடைசில போய் நில்லுங்க."

சட்டம் அவருடையது. போய் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. வேட்பாளர் தேடி மாட்டுங்காவிலிருந்து கட்சிக்காரர் சங்கரநாராயணன் வந்தார். மழையிலும் கலையாத வரிசையைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம்.

"இங்கே தலைவர் யார்?"

எல்லாரும் குடையைக் காட்டினார்கள். அவர் நிறையத் தலைவர்களைப் பார்த்தவர், சிரிக்கவில்லை.

"பேசுவாரோ?"

"வாயே தொறக்கமாட்டாரு," என்றாள் பேராச்சி.

"வேற கட்சிக்காரா கூப்பிட்டா போயிடுவாரோ?"

"ஊனுன இடத்த விட்டு அசையமாட்டாரு."

"இப்படி ஒருத்தரைத்தான் தேடிண்டிருக்கோம். பேரு?"

"தளவாய்."

எழுதிக்கொண்டார். பிறகுதான் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வேண்டுமே என்று தயங்கினார்.

"அதுக்கு ஆள் இருக்கு," என்று செல்லப்பாண்டி பின்னால் திரும்பிக் கத்தினார். "அண்ணாச்சி, வாங்க! ஒங்க குடம் நிக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன்!"

தளவாய் சொட்டச் சொட்ட முன்னால் வந்தார். காகிதம் நனையத் தொடங்கியது. கை தன்னால் குடையை நோக்கிப் போனது. வரிசை முழுவதும் ஒரே குரலில் "ஏய்!" என்றது.

கையை இழுத்துக்கொண்டார். காகிதத்தின்மேல் மழை விழாதபடி முதுகை நன்றாக வளைத்துக் குனிந்து, தளவாய்க்காகக் கையெழுத்துப் போட்டார்.