முழுசாக ஒளிக்கத் தெரியாதவள்

தேநீருக்கு முன்னால் ஆமையைக் காட்டுவது என் மனைவியின் வழக்கம். ஜெர்மனியின் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர் பார்த்துவிட்டுக் களைப்போடு உறவுச்சனம் எங்கள் வீட்டுக்கு வரும். உட்காரக்கூட விடாமல் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவாள்.

"இவ தென்னமெரிக்காக்காரி. சாக்கோ எண்ட வறண்ட பக்கத்தில மழைக் குட்டையளில இருக்கிறவ. குட்டை வத்தினா சேத்துக்குள்ள புதைஞ்சு கிடந்து மழையைப் பாத்துக்கொண்டிருப்பா. துடையில முள்ளைப் பாருங்கோ. தலையை நேர உள்ளுக்க இழுக்க இவவுக்கு ஏலாது. கழுத்தைப் பக்கவாட்டில மடிச்சு ஓட்டுக்குக் கீழ வைப்பா. அப்பவும் ஒரு கண் வெளியில தெரியும். முழுசா ஒளிக்கத் தெரியாத பிள்ளை."

அவள் மிருகக்காட்சிச்சாலையில் வேலை செய்தவள். உலகத்தில் அருகிவரும் இனம் என்பதால், ஆமை வளர்ப்போர் சங்கம் அந்தப் பெண் ஆமையை அவளை நம்பிக் கொடுத்திருந்தது. பொருத்தமான ஆண் ஆமை கிடைத்ததும் இனப்பெருக்கத்துக்கு அதை அனுப்பிவைப்பதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. "இவவுக்காவது பிறக்கட்டும்" என்று சிரிப்பாள்.

புற்றுநோய் அவளை ஒரே கோடைக்குள் கொண்டுபோய்விட்டது.

செத்தவீட்டுக்கு வந்த சனம் அழுது முடித்ததும் தொட்டியைப் பார்த்தது. ஆமையை வீட்டுக்குள் வைத்ததால் வந்த வினை என்று குசினிக்குள் குசுகுசுத்தார்கள். டொக்டர்மாருக்குப் பிடிபடாத காரணம் இவர்களுக்கு வெங்காயம் உரிக்கும்போது பிடிபட்டுவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆமையை என் கண் மூடும்வரை வைத்திருப்பேன் என்று மனதுக்குள் சபதம் எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் சங்கத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஆண் ஆமை கிடைத்துவிட்டதாம். அனுப்பினால் சனம் சொன்னதை நானும் நம்பியதாக ஆகிவிடும். அனுப்பாவிட்டால் அவளுடைய வாக்குப் பொய்யாகிவிடும். செத்த பிறகும் அவளுக்கு ஒரு பழி வருவதை என்னால் தாங்க முடியவில்லை. கடைசியில் வரச்சொன்னேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மறுநாள் சங்கத்திலிருந்து ஜெர்மன்காரர் ஒருவர் பெட்டியோடு வந்தார். மனைவியின் அக்கா இன்னும் எங்கள் வீட்டில்தான் நின்றார். வந்தவரைத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தி, என் மனைவி சொல்லிவந்ததையெல்லாம் ஜெர்மன் மொழியில் சொன்னேன். வறண்ட நாடு, குட்டை, சேறு, முள், கழுத்து. வருடக்கணக்காக இதே ஆமைகளோடு இருக்கும் மனிதர் அவர். ஆனாலும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒரு கண்ணை மட்டும் சொல்லாமல் விரலால் காட்டினேன். அவர் ஆமையை ஈரத்துணியில் வைத்துப் பெட்டியை மூடினார்.

கார் போன பிறகும் தொட்டியில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா வந்து என் தோளைத் தொட்டார்.

"நல்ல காரியம் செய்தனீங்கள், தம்பி. இனி இந்த வீட்டில ஆருக்கும் ஒண்டும் வராது."

"ஆருக்கு, அக்கா?" என்றேன். "இங்க ஆர் இருக்கினம்?"